சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய பயணம்

காலை பதினொரு மணிக்குக் கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. ராத்திரி சென்னையிலிருந்து விமானம். பிரான்ஸில் ரொட்டி போடக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இரண்டு மாதக் கோடைப் படிப்பு. முடிந்ததும் சில ஊர்களைச் சுற்றிக் காட்டுவார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டே சாயங்காலங்களில் பிரெஞ்சு படித்துக் கிடைத்த இடம் இது.

அப்பா இறந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். கொள்ளி வைத்தவன் நான். மொட்டை அடித்த தலையில் இன்னும் முடி சரியாக வளரவில்லை.

போகட்டுமா என்று அம்மாவிடம் தினமும் கேட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே தவிர பதில் சொல்லவில்லை. டிக்கெட்டை மாற்ற முடியாது என்று சித்தப்பாதான் முடிவெடுத்தார். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. வீட்டில் இருப்பவர்களும் "வா" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் சாவு திரும்பி வருமாம். பெட்டியோடு அம்மா முன்னால் நின்று வாயைத் திறந்தேன். சித்தப்பா என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"பேசாத. திரும்பிப் பாக்காத. கருமாதிய நான் பாத்துக்கறேன், நீ ஏறு."

சென்னை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை, பிள்ளைச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு படகைப் போட்டு, அதன் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடல் வீடுகளை இழுத்துக்கொண்டு போகிறது, கரையில் தடுப்புக் கல் கொட்டும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். ஒரு மணி நேரம் போனது.

டிரைவர் செல்வம் அண்ணன் சொன்னார்: "துக்க வண்டின்னா உட்ருவாங்க. நான் பேசறேன். நீ கூட வந்து மொட்டத் தலைய மட்டும் காட்டு."

படகின் மேல் கை ஊன்றி நின்ற ஒரு அக்காவிடம் போய், "சாவு வூட்டு வண்டிம்மா. அஸ்தி கரைக்கப் போறோம்" என்றார்.

"கடல் இங்கதானய்யா இருக்குது? இத உட்டுட்டு எந்தக் கடலுக்குப் போறீங்க?"

"மெட்ராஸ் கடல்ல உப்பு கம்மியாம்டி" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவை வைத்துச் சிரிப்பதுபோல இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அஸ்தி இல்ல. அப்பா செத்தது நெசம். ஒம்போது நாள் ஆவுது. நான் பிரான்சுக்குப் படிக்கப் போறேன்."

சிரிப்பு நின்றது. அந்த அக்கா என் தலையைப் பார்த்தாள்.

"கருமாதிக்கு இருக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"நல்லா பெத்தாரு புள்ள" என்றாள் பின்னாலிருந்த அதே பெண்.

"நீ சும்மா இருடி" என்று அவளை அடக்கிவிட்டு அந்த அக்கா என்னைக் கேட்டாள்: "உங்கம்மா என்னடா சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லலக்கா."

"கேட்டுட்டுப் போ. இல்லாட்டி அங்க போயும் உனுக்கு சோறு எறங்காது." பிறகு திரும்பிக் கத்தினாள்: "டேய், படக ஓரமா இழுங்கடா! சாவு வூட்டு வண்டிதான். அதுல பொய்யில்ல."

கார் நகர்ந்தது. கனகசெட்டிக்குளத்தோடு புதுச்சேரி முடிகிறது. அதற்கு முன்னாலேயே ஒரு எஸ்டிடி பூத் தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன்.

"டைம் இல்ல தம்பி."

"அம்மா வேணாம்னா வண்டிய திருப்பிடுங்கண்ணா."

எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு ராணி அக்கா எடுத்தார். அம்மாவிடம் போய், போகட்டுமா வேண்டாமா என்று கேட்டு வந்து சொல்லச் சொன்னேன். "லைன்லயே இரு" என்று போனவர் வரவே இல்லை. செல்வம் அண்ணன் ஹாரன் அடித்தார். அப்புறம் போனில் சித்தப்பாவின் கத்தல் கேட்டது.

"பதினாறு முடியல அண்ணி! தெருவுல பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க? உள்ள வாங்க!"

போனை எடுத்தது அம்மா. மூச்சு வாங்கினாள்.

"அங்க வெச்சு சொல்லக்கூடாதுடா. இது ராணி வூடு. இங்க சொல்லலாம். போயிட்டு வா."

"வரேம்மா" என்றேன். கார் எல்லையைத் தாண்டியது.

பிரான்ஸில் நான் வேலை பழகிய ரொட்டிக் கடைக்கு யார் வந்தாலும், ஒரே ஒரு ரொட்டி வாங்கினாலும், வெளியே போகும்போது "ஓ ரெவ்வார்" என்பார்கள். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். முன்பின் தெரியாத என்னிடமே ஒரு நாளில் நூறு பேர் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதை ஒரு தடவை சொல்வதற்கு அம்மா தெருவைக் கடக்க வேண்டியிருந்தது.