ஏழுமலையின் சால்டரிங்

கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர் ஏழுமலை. அலிப்பூர்ப் பக்கம் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் அவர் ஈயத்தால் பற்றவைத்த சால்டரிங் ஒன்றுகூட விட்டதில்லை. 1984 மே மாதம் அதே சால்டரிங்குக்காக அவருக்கு மெமோ வந்தது.

அங்கே விஞ்ஞானி குருமூர்த்தி, நண்டுக் காலிலிருந்து ஒற்றை நரம்பிழையை உருவி, சீராக மின்சாரத்தால் தட்டித் தட்டி, அது எப்படித் துடிக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் இரண்டு தட்டலுக்கு ஒரு துடிப்பு என்று ஒழுங்காகப் போகும். மத்தியானம் லோட்ஷெட்டிங்கில் கரண்ட் போகும். ஜெனரேட்டர் கருவிகளைத் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. அறை புழுங்கியதும் நரம்பு தாறுமாறாகத் துடித்தது. "லூஸ் காண்டாக்ட்" என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார் குருமூர்த்தி. அந்த மெமோ ஃபைலில் இருக்கிறவரை ஏழுமலைக்கு ஜூலையில் வரவேண்டிய பதவி உயர்வு இல்லை.

ஏழுமலை தானே சோதித்துப் பார்த்தார். மீன் கடை ஐஸை நரம்பு கிடந்த கிண்ணத்தைச் சுற்றி அடுக்கி, அரை அரை டிகிரியாக ஏற்றிக் குறித்தார். ஒன்பது நாள், ஒன்பது நண்டு. பதினெட்டு டிகிரியில் ஒழுங்கு. இருபத்திமூன்றில் தாறுமாறு. இருபத்தேழில் வேறொரு ஒழுங்கு. திரும்பக் குளிர்ந்தால் பழையபடி.

"லூஸ் காண்டாக்டுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியாது சார்" என்று நோட்டை நீட்டினார்.

குருமூர்த்தி இரண்டு முறை படித்தார். "நரம்போட ஒழுங்கு சூட்டுல தானாவே குலையுது. இதைத்தான்யா வெளிநாட்டுல எல்லாரும் தேடிட்டிருக்கான்."

"மெமோ, சார்?"

"அதுவா? ஆபீஸ்ல கேளுங்க."

ஆபீஸில் வங்காளி குமாஸ்தா ஒரு படிவத்தைத் தள்ளினார். "ரிப்பேர் செய்த தேதி எழுதுங்க, ஏழுமலை பாபு."

"பழுதே இல்லையே தாதா" என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் போட்டுச் சொன்னார் ஏழுமலை.

"இல்லாத பழுதை நான் எப்படி மூடறது? இருந்துச்சு, சரியாச்சுன்னு எழுதினா நாளைக்கே மூடிடலாம்."

ஏழுமலை பேனாவை எடுத்து முதலில் அன்றைய தேதியைப் போட்டார். பிறகு, "பழுது நீக்கப்பட்டது" என்று எழுதினார். பதினோரு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய்.

மறுநாள், தன் கையெழுத்துக்காக வந்த படிவத்தோடு குருமூர்த்தி ஓடிவந்தார். "எதைய்யா ரிப்பேர் பண்ணினீங்க? கட்டுரை பாதி டைப் ஆயிடுச்சு."

"எதையும் தொடலை சார். உங்க நரம்பு இன்னும் கெட்டுப்போய்த்தான் இருக்கு."

"நிச்சயமா?"

"இருபத்திமூணு டிகிரில வந்து பாருங்க."

மத்தியானம் வந்தார், பார்த்தார். துடிப்பு தாறுமாறாகவே இருந்தது. நிம்மதியாகப் படிவத்தை மடியில் வைத்து, "பழுது திருப்திகரமாக நீங்கியது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.