நான் எடுத்த பூ

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் குலசாமியிடம் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துப் பூசாரி சாமி காலடியில் போடுவார். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று போய் ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுக்கவேண்டும். அந்த வருஷம் விவரம் தெரியாத பிள்ளை நான். எட்டு வயதில் அப்படி ஒரு பட்டம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கேட்கவேண்டிய காரியம் அத்தையின் கல்யாணம். கணபதி என்கிற ஊரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவர் பெண் பார்க்க வந்துபோயிருந்தார். கிளம்பும்போது வாசலில் என்னைப் பிடித்து, "ஏனுங்க அம்மணி, உங்க அத்தை எப்பவுமே பேசமாட்டாங்களா?" என்று கேட்டார். அதை அத்தையிடம் சொன்னதுதான் தப்பு. எப்படிக் கேட்டார், சிரித்துக்கொண்டா கேட்டார் என்று தினமும் என்னைத் திரும்பச் சொல்லவைத்தாள். அப்பாவுக்கும் மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போய், சாமி உத்தரவு ஒன்றுதான் பாக்கி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் கும்பிட்டுவிட்டு, குண்டாக இருந்த பொட்டலமாகப் பார்த்து எடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி. குங்குமம் சிவப்பு, கல்யாணப் புடவை சிவப்பு, நல்லதெல்லாம் சிவப்புதானே! "செவப்பு வந்திருச்சு, அத்தைக்குக் கண்ணாலம்!" என்று குதித்தேன். யாரும் சிரிக்கவில்லை. வெள்ளை வந்தால்தான் உத்தரவாம். சிவப்பு என்றால் வேண்டாமாம். இதை முன்னாலேயே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ஏனுங்க, இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றாள் அம்மா மெதுவாக.

அப்பாவின் முகம் வாடிக் கிடந்தது. "நமக்குப் புடிச்சது வர்ற வரைக்கும் கேக்கறதுன்னா, அப்பறம் சாமி எதுக்கு?" என்றவர், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க நேரமாயிற்று. அத்தையும் கும்பிட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாமி சொன்னது பிடிக்கவில்லை, ஏன் சொன்னது என்றும் தெரியவில்லை, பிறகு எதற்கு இப்படி விழுந்து கும்பிடுகிறார்கள்?

பின்னால் அத்தைக்குத் தாராபுரத்தில் கல்யாணமாயிற்று. மாமா நல்லவர். கணபதிக்காரரும் நன்றாக இருப்பதாகத்தான் கேள்வி. சாமி ஏன் வேண்டாம் என்றது என்று இன்றைக்கும் எங்களில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குக் கோயிலிலிருந்து திரும்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பின்தங்கினாள்.

"கண்ணு, அதை எடுக்கையில சாமி உனக்கு ஏதாச்சும் சொல்லுச்சா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க அத்தை. குண்டா இருந்துச்சு, எடுத்துப்போட்டேன்."

அத்தை அப்படியே நின்றுவிட்டாள். "இல்ல கண்ணு. சாமிதான் உன்ற கையைப் புடிச்சு எடுத்துச்சு. அப்படித்தான் சொல்லோணும்."

எனக்கு வந்ததே கோபம்! நான் செய்ததைச் சாமி செய்தது என்றால் விடுவேனா? "நாந்தான் எடுத்தேன், நாந்தான் எடுத்தேன்" என்று வீடு வரும்வரை சண்டை பிடித்தேன். அத்தை என் கையை விடாமல் பிடித்திருந்தாள். பூவை எடுத்தது சாமியின் கையாக இருந்தால்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியும் என்பது எனக்கு அப்போது எங்கே புரிந்தது?