குட்டிக்குப் பழக்கிய சொல்

அந்த நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு அதன் சாதிதான் காரணம். இரண்டாம் உலக யுத்த காலம். நான் திருகோணமலைத் துறைமுகத்தில், கடற்படைக்காரரின் களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை இந்தக் குட்டியை வைத்திருந்தார். உடம்பு ஒரு முழம், கால் நாலு விரல், காது இரண்டும் வெற்றிலை மாதிரித் தொங்கும். ஜெர்மன் சாதி நாய் என்று மற்றத் துரைமார் அவரைப் பகிடி பண்ணினார்களாம். எதிரியின் நாய்க்குக் கப்பலில் இடமில்லையாம் என்று அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குட்டியை என் கையில் தந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

தந்ததோடு ஒரு பாடமும் சொன்னார். என்னுடைய அரைகுறை இங்கிலீசுக்கு விளங்கியது இவ்வளவுதான்: சாப்பிட்ட உடனேயும் நித்திரையால் எழும்பிய உடனேயும் குட்டியை வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரே இடத்தில் விட வேண்டும். அது ஒன்றுக்கு இருக்கும்போது ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே சொல். பிறகு தலையைத் தடவ வேண்டும். கொஞ்ச நாள் போக, அந்தச் சொல்லைக் கேட்டாலே குட்டி வேலையை முடித்துவிடும். என்ன சொல் என்று கேட்டேன். எதுவாக இருந்தாலும் சரி, உன் வாயில் சுலபமாக வருவதைச் சொல் என்றார்.

மனைவி படலையிலேயே மறித்தாள்.

"இஞ்சேருங்கோ, இது என்ன? கீரிப்பிள்ளையோ?"

"நாய்."

"சாமி அறை இருக்கிற வீட்டுக்குள்ளை நாயோ?"

"வைரவருக்கு வாகனமே நாய்தானே."

"வைரவர் இதிலை ஏறினால் அவரின்ர கால் நிலத்திலை இழுபடும்."

அதற்குள் எங்கள் மகள் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, இருக்கட்டும். பழக்கிறது உங்கட பொறுப்பு. நான் சாணித் தண்ணியோடை பின்னாலை திரிய மாட்டன்."

பழக்கினேன். நான் தீர்மானித்த சொல் 'போ' என்பது. வேலைக்குப் போக முன்னும் வந்த பின்னும் குட்டியை முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோவேன். அது பின்னங்காலை மடித்துக் குந்தும். நான் 'போ' சொல்ல வாய் திறப்பேன். ஆனால் அசுத்தம் எதைக் கண்டாலும் என் வாயில் தானாக வருகிறது வேறு. சாணியை மிதித்தாலும் செத்த காகத்தைக் கண்டாலும் அதுதான். "சிவ சிவா" என்றுவிட்டுக் குனிந்து தலையைத் தடவுவேன். 'போ' என்று சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இது சத்தியம்.

பதினைந்து நாளில் குட்டி பழகிவிட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. களஞ்சியத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கால் கழுவி, சாமி அறை வாசலில் நின்று, திருநீற்றை அள்ளி, அண்ணாந்து, "சிவ சிவா" என்று நெற்றி நிறையப் பூசினேன். காலடியில் ஏதோ சூடாக ஓடியது. பார்த்தால் குட்டி குந்தியிருக்கிறது. என்னை நிமிர்ந்து பார்த்து, தடவுவதற்கு வசதியாகத் தலையை நீட்டியது.

மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ பாப்பம்."

"எதை?"

"இப்ப சொன்னதை."

சொன்னேன். மிச்சம் வைத்திருந்ததையும் விட்டது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆக்கள் கிளிக்குத் திருநாமம் பழக்குவினம். நீங்கள்..." என்று தொடங்கினாள். மேலே கதைக்க ஏலாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு பெருமானிடம் மன்னிப்புக் கேட்டேன். மனசுக்குள்ளேதான் கேட்டேன். குட்டி இன்னும் பக்கத்தில் நின்றது.

அதை மாற்றிப் பழக்குவதற்குள் குண்டு விழுந்தது. காலைப்பொழுதில் ஜப்பான்காரனின் விமானங்கள் வந்தன. வீடு ஆடியது, ஓடுகள் கொட்டின. மகள் மேசைக்குக் கீழே குட்டியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள். சத்தம் ஓய்ந்து வெளியே எடுத்தபோது அவள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். குட்டியைக் கையிலிருந்து வாங்கினால் உடம்பு முழுக்க நடுங்கியது. துறைமுகப் பக்கம் கறுப்புப் புகை நின்றது. ஊர் முழுக்க வண்டி கட்டிப் புறப்பட்டது. நாங்களும் ஒரு மாட்டுவண்டியில் பாயையும் சட்டிபானையையும் போட்டுக்கொண்டு நிலாவெளிக்குப் போனோம். அங்கே மனைவியின் தமக்கை வீடு இருந்தது.

தமக்கையின் புருஷனை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கரைவலை வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிடப் பத்து மடங்கு பக்தி. எங்களைக் கண்டதும் ஓடிவந்து மூட்டையை இறக்கினார். குட்டியைக் கண்டதும் நின்றார்.

"நாயை வீட்டுக்குள்ளை எடுக்கிறேல்லை, தெரியும்தானே."

மனைவி மகளைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளைக்காக விடுறன். ஆனா என்ர வீட்டு நிலத்திலை ஒரு சொட்டு விழுந்துதெண்டால், அண்டைக்கே குட்டி கடற்கரைக்குப் போயிடும். பிறகு என்னோடை கதைக்கப்படாது."

கடற்கரையில் மீன் காயவைக்கிற வாடிகளைச் சுற்றி நாய்கள் பத்துப் பன்னிரண்டு திரிந்தன. எங்கள் குட்டி அவற்றுக்கு ஒரு வாய்க்குக் காணாது. நான் தலையாட்டினேன். அவர் கதிரையில் சாய்ந்தார்.

"சரி, எல்லாரும் இருங்கோ. சிவ சிவா..."

மனைவி மகளையும் குட்டியையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தாள்.

"என்ன, பிள்ளைக்கு வயித்தாலை போகுதோ?"

"ஓம் அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தப் பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்தது. தமக்கை மாதுளங்காய்த் தோலைக் குசினியில் காய்ச்சி வடித்து மகளுக்கென்று தந்தா. பொய் சொன்னவன் நான்தானே என்று, குசினிக்குப் பின்னால் ஒதுங்கி நானே குடித்தேன். மூன்று நாளைக்கு எனக்கு ஒன்றும் போகவில்லை.

அண்ணைக்கு அந்தத் திருநாமம் மூச்சு மாதிரி. இருந்தால் ஒன்று, எழும்பினால் ஒன்று, கொட்டாவிக்கு இரண்டு. அவர் வீட்டில் நிற்கிற நேரமெல்லாம் மகளையும் குட்டியையும் முற்றத்திலேயே வைத்திருந்தோம்; அவர் கடலுக்குப் போனால்தான் எங்களுக்கு நிம்மதி. வேறு சொல் பழக்குவதைத் தவிர வழியில்லை என்று கிணற்றடியில் வைத்து மனைவியிடம் சொன்னேன்.

"முருகா எண்டு மாத்துங்கோ."

"அக்கா வெருகல் முருகனை நாளைக்கு நூறு தரம் கூப்பிடுறா."

"அப்ப பிள்ளையாரே எண்டு..."

"தெய்வங்களை விட்டிட்டு யோசியுமப்பா!"

கடைசியில் நிலாவெளியில் ஒருவர் வாயிலும் வராத ஒரு சொல் அகப்பட்டது: 'ஓவர்டைம்'. துறைமுகத்தில் எந்நேரமும் கேட்கிற சொல். தென்னந்தோப்புக்குள் குட்டியைக் கொண்டுபோய், அது குந்தும்போதெல்லாம் "ஓவர்டைம், ஓவர்டைம்" என்று சொல்லித் தலையைத் தடவி, ஒரு தேங்காய்த் துண்டும் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"பாவமடி, குண்டுச் சத்தத்திலை ஆளுக்கு மண்டை கலங்கிட்டுது."

குட்டி கெட்டிக்காரக் குட்டி. ஆறே நாளில் புதுச் சொல்லைப் படித்துவிட்டது. ஆனால் பழையதை மறக்கவில்லை. இப்போது இரண்டுக்கும் பெய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை கூடத்தில் படங்களுக்கு விளக்கேற்றித் தேவாரம் பாடினார். மழை பெய்துகொண்டிருந்தது, குட்டியை வெளியே கொண்டுபோக வழியில்லை. மகள் அதை மடியில் வைத்திருந்தாள். பாட்டு முடிந்து அண்ணை திருநீற்றுத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். மகளுக்குக் கிட்ட வந்ததும் அவள் குட்டியின் இரண்டு காதையும் கைகளால் இறுக்கிப் பொத்தினாள். நாங்கள் யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏன் பிள்ளை அதின்ர காதைப் பொத்துறாய்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி விளக்கைப் பார்த்தாள்.

"பெரியப்பா, நீங்கள் சிவ சிவா எண்டு சொன்னால் இது மூத்திரம் பெய்யும். அப்பாதான் பழக்கினவர்."

குண்டு விழுந்த நாளுக்குப் பிறகு அவள் கதைத்த முதல் வார்த்தை அது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுவதா ஓடுவதா என்று தெரியவில்லை.

அண்ணை கதிரையில் இருந்தார். "இஞ்சை தா அதை" என்று குட்டியை வாங்கித் தன் மடியில் வைத்தார். அதன் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"சிவ சிவா."

தோய்த்துக் காயவைத்து உடுத்த வெள்ளை வேட்டி. நடுவில் ஈரம் பரவிக்கொண்டு போனது. குட்டி வழக்கம்போலத் தலையை நீட்டியது. பழக்கம் தெரியாமலே அவர் தடவினார்.

"எத்தினை நாளிலை பழக்கினீர்?" என்று என்னைக் கேட்டார்.

"பதினைஞ்சு நாள், அண்ணை."

"முப்பது வருசமா இந்த வீட்டிலை நானும் சொல்லுறன். ஒருத்தர் அசைஞ்சதில்லை."

குசினிக்குள் தமக்கை வெடித்துச் சிரித்தா. அண்ணை சிரிக்கவில்லை. "சொன்ன சொல்லு சொல்லுத்தான்" என்றார். மகள் எழும்பி அவருடைய கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நிலத்திலை ஒரு சொட்டு விழுந்தால் எண்டுதானே சொன்னனான்? இது வேட்டியிலை. நிலத்திலை ஒண்டுமில்லை. வந்து எல்லாரும் பாருங்கோ."

வேட்டியை முன்பக்கம் தொட்டில்போல ஏந்திப் பிடித்தபடி எழும்பினார். ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாது என்று பாதம் பாதமாக வைத்து, கூடத்தைக் கடந்து, மழைக்குள் இறங்கிக் கிணற்றடிக்குப் போனார். மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு, "பெரியப்பா, மெல்ல, மெல்ல" என்று வாசல் வரை பின்னாலேயே போனாள்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் திருநாமம் சத்தமாகக் கேட்டதில்லை. அண்ணை கதிரையால் எழும்பும்போது வாய் திறப்பார், குட்டியைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். விடிகிற நேரத்தில் மட்டும் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவார். வாடி நாய்கள் கிட்ட வராமல் கையில் ஒரு தடி. தண்ணி ஓரத்தில் இறக்கிவிட்டு, கடலைப் பார்த்துத் தொண்டை கிழியத் திருநாமம் சொல்லுவார். உள்ளே அடக்கிவைத்திருந்ததையெல்லாம் இரண்டு பேருமாக அங்கே விட்டுவிட்டு, சந்தோசமாகத் திரும்பி வருவார்கள்.