உறைந்த அருவியில் வந்த இழுப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினொரு வருஷம் கடலில் கிடந்தவன். அங்கே அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன் என்பவர்களைப் பசி மயக்கம் என்று கேலி செய்தவன். நீங்களும் என்னை அப்படித்தான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள், நான் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர், தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார், அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் என் கையில் இருக்கும். எங்கள் பக்கம் கயிறு பிடிப்பது மச்சினன்தான். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது அசந்துபோக மாட்டான் என்று வைத்திருக்கிற வழக்கம். ஒரு வெட்டு இழுத்தால் பை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு வெட்டு, பிறகு ஒரு நீள இழுப்பு என்றால் ஆபத்து, உடனே தூக்கு. அது நாங்கள் இருவரும் பேசி வைத்தது, அக்காவுக்கும் தெரியும். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் தேவைப்படவில்லை.

தேவைப்பட்ட அன்று நான் போனில் இருந்தேன். என் பழைய பைக்கை வாங்க வந்தவன் டயரைப் பற்றி நோண்டி நோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். கயிறு அசைந்தது. இரண்டு வெட்டு, ஒரு நீள இழுப்பு. அலைதான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு பேசி முடித்தேன். அதற்குப் பிறகு இழுத்தபோது அத்தான் உயிரில்லாமல் வெறும் பாரமாகத்தான் வந்தார். அக்காவிடம் கயிறு அசையவே இல்லை என்றேன், மாதா கோயிலில் நின்றும் அதையே சொன்னேன். அவள் நம்பி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவி நான், கூடவே அழுதேன்.

கடலை விட்டுவிட்டு ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். போன ஜனவரியில் அங்குள்ளவர்கள் மணாலிக்குக் கிளம்பினார்கள். எனக்குக் குளிர் ஆகாது, ஆனாலும் போனேன். அத்தான் ஒருமுறை போனில் உறைந்த அருவி ஒன்றைப் பார்த்துவிட்டு, “ஏலே, குத்தாலத்துத் தண்ணி அப்படியே நின்னா எப்படி இருக்கும்? ஒருநாள் நேர்ல போய்ப் பாத்துருவோம்லே” என்றிருந்தார். அவருக்காகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

காலையில் நடக்க ஆரம்பித்து, உச்சி வெயிலில் அருவிக்குக் கீழே போய்ச் சேர்ந்தோம். வெயில் என்றுதான் பெயர், மூச்சே புகையாக வந்தது. அருவி நின்றுகொண்டிருந்தது, வேறெப்படிச் சொல்ல. அடியில் ஓடையும் இறுகிக் கிடந்தது. வழுக்கும் என்று வழிகாட்டி ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிறு கட்டி ஓடையைக் கடக்க வைத்தார். கடைசி ஆள் நான். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள், நான் கயிற்றை அவிழ்க்காமலே, அதன் வால் பின்னால் இழுபட, அத்தானுக்காக ஒரு படம் எடுக்க அருவியை ஒட்டிப் போனேன்.

போனைத் தூக்கிப் பிடித்தேன். இடுப்பில் இரண்டு வெட்டு, பிறகு ஒரு நீள இழுப்பு.

மல்லாந்து விழுந்தேன். நான் நின்ற இடத்தில் பனைமரத் தடிமனில் ஒரு பனித்தூண் வந்து விழுந்து நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. கயிற்றின் வால் ஓடைப் பனியில் இருந்த ஒரு விரிசலுக்குள் இறங்கி, விறைப்பாக நின்றது. நம்பினால் நம்புங்கள், அடியிலிருந்து யாரோ பிடித்திருந்தது என் இடுப்புக்குத் தெரிந்தது. நான் முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தவழ்ந்தே ஓடிவந்துவிட்டேன்.

வழிகாட்டி பிறகு போய்க் கயிற்றை எடுத்து வந்தார். எல்லாம் கம்பி மாதிரி விறைத்திருக்க, நுனியில் ஒரு முழம் மட்டும் சொட்டச் சொட்ட ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அத்தான் என்னைக் காப்பாற்றினார் என்று கேட்டால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். சொல்கிற வேகத்தில், “அதே இழுப்புக்கா, அன்னைக்கு இழுத்த மாதிரியே” என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை நின்றது. “அன்னைக்கு இழுத்தாகளா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஒன்னக் காப்பாத்தத்தான் இழுத்தாகன்னு நெனைக்கியா? அது தூக்கச் சொல்லுத இழுப்புலா. இப்பமாவது தூக்குனியாலே?”

பனித்தூண் என்மேல் விழாதது தற்செயலா, அவர் செயலா என்று எனக்குத் தெரியாது. அந்த உப்பு எங்கிருந்து வந்ததென்றும் தெரியாது. அக்கா கேட்டதற்கு மட்டும் பதில் தெரியும். இரண்டாவது தடவையும் கயிற்றை விட்டுவிட்டு வந்தவன் நான்.