சால்வைக்குள் ஒரு பொறி

கொட்டாஞ்சேனைக் கோயிலில் முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் இருந்தபோது, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிவந்த ஹயர் கார் பாமன்கடையில் குலுங்கிக் குலுங்கி நின்றுவிட்டது. பக்கத்துக் கராஜிலிருந்து வெள்ளைச் சேட்டு மடிப்புக் கலையாத ஒரு மெக்கானிக் வந்தார்.

"எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற கொயில் ஒண்டு போயிருக்கும்," என்றார். புதுக் கொயில் அவர் கையிலேயே இருந்தது.

"அப்ப மாத்துங்கோ அண்ணை," என்றார் மாப்பிள்ளை.

"பொறியைக் கண்ணால பாக்காமல் நான் ஒண்டையும் மாத்த மாட்டன். வெயிலுக்க பொறி தெரியாது. உங்கட சால்வையைத் தாங்கோ."

பட்டுச் சால்வையை எஞ்சினுக்கு மேல் விரித்து, அவரும் நானும் தலையை உள்ளே விட்டோம். மாப்பிள்ளை காருக்குள் இருந்து ஒவ்வொரு கொயிலுக்கும் திறப்பைத் திருப்பி எஞ்சினைச் சுழற்றினார். மூன்றில் பொறி பறந்தது, நாலாவதில் இல்லை. பிறகு மெக்கானிக் தன் புதுக் கொயிலையும் சோதித்தார். அதிலும் இல்லை.

மாப்பிள்ளை சால்வையைக்கூடக் கேட்காமல் ஓட்டோவில் ஏறி ஓடி, ஒருவாறு நேரத்துக்குத் தாலி கட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"பாத்தீங்களோ தம்பி, சோதிக்காமல் இதைப் பூட்டியிருந்தா என்ன நடந்திருக்கும்?" என்று மாப்பிள்ளை போன கையோடு மெக்கானிக் என்னைக் கேட்டார்.

கார் இதே இடத்தில் இப்படியே நின்றிருக்கும். ஆனாலும் அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்து, "ஓம் அண்ணை, தப்பினம்," என்றேன்.

எதிலிருந்து தப்பினோம் என்று இன்னும் யோசிக்கிறேன்.