பூதக்கண்ணாடி அக்காவும் மங்கிப்போன திரையும்

எங்கள் அச்சகத்தில் முக்கால்வாசி வேலை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே, அந்தத் துண்டுத்தாள்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். வரி விடாமல் படிக்க ஓர் ஆள் இருக்கிறார், எங்கள் பிழைதிருத்துநர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி.

பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. காதில் சிவப்புப் பேனா. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் அந்த மனுஷன் ஆசை ஆசையாக ஒரு கடிதம் எழுத, இவர் மூன்று பிழையைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகும் அவர் கட்டிக்கொண்டார் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

காகிதச் செலவு எகிறுகிறது, இனி திருத்தமெல்லாம் திரையிலேயே என்று முதலாளி ஒரு நாள் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஒன்று, பக்க வடிவமைப்பு பார்க்கும் எனக்கு ஒன்று என்று இரண்டு லேப்டாப் வந்தன. இரண்டையும் தயார் செய்தவன் நான். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற மிதப்பு அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு தம்பி" என்றார் அக்கா.

"இவ்வளவுதானே" என்று இரண்டு தட்டுத் தட்டினேன். எல்லாம் பெரிசாகிவிட்டது. அக்காவுக்குச் சந்தோஷம். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அன்று பிடித்தது சனி. அக்கா திரையை உற்று உற்றுப் பார்ப்பார். கைக்குட்டையால் துடைப்பார். மூடியைச் சாய்ப்பார், நிமிர்த்துவார். வெளிச்சத்தை ஏற்றுவார், இறக்குவார். ஜன்னல் பளபளப்பு விழுகிறது என்று மேசையையே திருப்பிப் போட்டார். நாலு மாதத்தில் மூன்று மூக்குக் கண்ணாடி மாறியது. கண்ணில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை.

"ஒண்ணும் இல்லாமலா புள்ளி தெரியல? நான் பயந்துடுவேன்னு மறைக்கிறாரு" என்றார்.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய 2.5 மில்லி, 25 மில்லி ஆகிவிட ஒரு புள்ளி காணாமல் போனால் போதும். அந்தப் புள்ளிக்குத்தான் அக்காவுக்குச் சம்பளம்.

ஒரு திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தார். "ஒரு லெட்டர் அனுப்பியிருக்கேன். பிரிண்ட் எடுத்துக் குடு. படிக்காதே."

படிக்காதே என்றால் யார் படிக்காமல் இருப்பார்கள்? பார்வை குறைந்துவிட்டதால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே அவர் சொன்னார்: "மூணாவது வரி முடிவுல புள்ளி ரெண்டு விழுந்திருக்கு பாரு. ஒண்ணை எடு."

மூக்கைத் திரையில் வைத்துப் பார்த்தேன். ஆமாம், இரண்டு புள்ளி.

"அக்கா, அங்கேயிருந்தா தெரியுது?"

"உன் திரைதான் பளிச்சுன்னு இருக்கே. எனக்கும் இதே மாதிரி வாங்கியிருக்கலாம்."

"ரெண்டும் ஒண்ணுதாங்கா. ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கினது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எழுந்து ஓடினேன். அவர் லேப்டாப்பில் செட்டிங்ஸைத் திறந்தால், நான் தட்டிய இரண்டு தட்டு அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது. எழுத்தைப் பெரிதாக்குகிறேன் பேர்வழி என்று ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருக்கிறேன். ஒரு திரையில் எத்தனை பிக்சல், அதாவது எத்தனை ஒளிப்புள்ளி, என்பது செய்யும்போதே முடிவானது. பத்து நாற்காலியில் ஏழு பேரைப் பரப்பி உட்காரச் சொன்னால், பாதிப் பேர் இரண்டு நாற்காலிக்கு நடுவில்தான் உட்கார வேண்டும். எழுத்தும் அப்படித்தான் ஓரம் கலங்கி நிற்கும். ரெசல்யூஷனை முழு அளவிலேயே வைத்துவிட்டு, எழுத்தின் அளவை மட்டும் நூற்றைம்பது சதவீதம் ஆக்கியிருக்க வேண்டும். இப்போது அப்படியே செய்தேன். உச்சத்தில் ஏற்றி வைத்திருந்த வெளிச்சத்தை அறைக்குத் தக்கபடி குறைத்தேன்.

அக்கா குனிந்தார். "ரெண்டு புள்ளி அஞ்சு மில்லி" என்று சத்தமாகப் படித்தார். மறுபடியும் படித்தார். இரண்டாவது தடவை குரல் உடைந்துவிட்டது.

"தப்பு உங்க கண்ணுல இல்லக்கா. நான் பண்ணினது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "நாலு மாசமா என் கண்ணைக் கரிச்சுக் கொட்டிட்டு இருந்தேன் தம்பி. இனி உங்க முகம்கூட எனக்கு மங்கிடும்னு வீட்டுல அவர்கிட்ட சொல்லி அழுதேன்" என்றார். அவமானத்தில் என்னால் நிமிர முடியவில்லை.

அடுத்த நிமிஷமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு மாசமா நான் இதுல பார்த்தது அத்தனையும் எடு."

மொத்தம் நாற்பத்தேழு தாள். இரண்டு நாள், நான் மூலத்தை வாசிக்க வாசிக்க அவர் திரையில் சரிபார்த்தார். ஒரு புள்ளிகூட நகரவில்லை. சந்தேகம் வந்த தாளையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சொந்தக் காசில் அச்செடுத்து, நிஜமாகவே ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். அதை அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

கடைசித் தாள் முடிந்ததும், "அந்த லெட்டர் எங்கே?" என்றார்.

அவர் சொன்ன புள்ளியைக்கூட எடுக்காமல் அச்செடுத்து, முதலாளியிடம் கொடுக்காமல் என் இழுப்பறையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். காதிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதலில் மூன்றாவது வரியின் அதிகப்படிப் புள்ளியைச் சுழித்தார், பழக்கம் விடுமா? பிறகு மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு இழுத்து, அச்சுக்குப் போகக் கூடாத பகுதிக்கு எழுதுவது போலவே ஓரத்தில் 'நீக்கவும்' என்று எழுதித் தேதி போட்டார்.

"திருத்தியாச்சு. நீயே வெச்சுக்கோ. அடுத்தவங்க மெஷின்ல கை வைக்கிறப்ப ஒரு தடவை எடுத்துப் பாரு."

இன்றைக்கும் என் இழுப்பறையில் மேலாக இருப்பது அந்தத் தாள்தான்.