பட்டியலில் முதலில் நிற்கும் கட்டுரை

என் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தக் கட்டுரைதான். வாய்ப் புற்றுநோய் செல்களை ஒரு மருந்து எப்படிச் சாகடிக்கிறது என்பதைப் பற்றியது. நான் எழுதிய மற்றதெல்லாம் சீந்துவாரில்லாமல் கிடக்க, அதை மட்டும் எங்கெங்கோ இருப்பவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். முன்பெல்லாம் கணவரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன். இப்போது திறக்காமலேயே அழிக்கிறேன். காரணம், அந்தக் கட்டுரை தப்பு.

பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எங்கள் ஆய்வகம். செல்களை முறைப்படி தருவித்து, சோதித்து, சான்றோடு வைத்துக்கொள்ள எங்களுக்கு ஏது பொறுமை? பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரி, தெரிந்தவர்களிடம் கேட்டு ஒரு குடுவை வாங்கி வந்து வளர்த்துக்கொள்வோம். எல்லோரும் அப்படித்தான். நானும் ஒரு தோழியின் ஆய்வகத்தில் வாங்கி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். குமணன்சாவடியில் ஏறிய ஷேர் ஆட்டோவின் டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், கொயந்தையாட்டம் மடில வச்சுகினு கீறீங்க?"

எனக்கும் சிரிப்பு வந்தது. குடுவையின் மேல் ‘வாய்ப் புற்று’ என்று மார்க்கரில் எழுதியிருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் செல்களை வைத்துச் சோதனைகளைச் செய்தவள் என் மாணவி. பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவரின் மகள். அவர்கள் குடும்பத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள். கட்டுரையில் அவள் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். எங்கள் துறையில் இந்த இரண்டு இடத்துக்கும்தான் மரியாதை.

போன வருஷம் வேறொரு கட்டுரைக்காக, செல்கள் எங்கிருந்து வந்தவை என்பதற்கு ஒரு பத்திரிகை சான்று கேட்டது. சோதனைக்கு அனுப்பினேன். வாயாவது மண்ணாவது, அவை சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்கள். நம்ப முடியாமல், வாங்கிவந்த அன்றே உறையவைத்திருந்த குப்பியையும் எடுத்து அனுப்பினேன். அதுவும் அதேதான். ஆரம்பத்திலிருந்தே தப்பு.

அன்று சாயங்காலம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே அந்த மாணவிக்கு ஃபோன் செய்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றேன். அழுதுவிட்டாள்.

"அடுத்த வாரம் இன்டர்வியூ மேடம். அந்த ஒரு பேப்பர்தான் எங்கிட்ட இருக்கு. வேலை கெடைச்சு, கன்ஃபர்ம் ஆகுற வரைக்கும் பொறுத்துக்கோங்க."

பொறுத்துக்கொண்டேன். சின்னப் பெண்ணின் பிழைப்பில் மண் அள்ளிப் போட நான் யார்? கடிதத்தை எழுதி, அனுப்பாமல் வைத்தேன். அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. கருத்தரங்குகளில் என்னை மேடைக்கு அழைப்பவர்கள் அந்தக் கட்டுரையைச் சொல்லித்தான் அழைத்தார்கள். துறைத் தலைவர் அதன் முதல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து வராந்தாவில் மாட்டினார். நான் பின்பக்கப் படியில் ஏறி வகுப்புக்குப் போனேன்.

வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். உங்கள் முடிவு எனக்கு வரவே மாட்டேன் என்கிறது, நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவரிடம் இருந்தவை நிஜமாகவே வாய்ப் புற்றுநோய் செல்கள். ‘மருந்தின் அளவைச் சரிபாருங்கள்’ என்று பதில் போட்டேன். எவ்வளவு நாளை அந்த மனுஷர் வீணாக்கப்போகிறாரோ என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு மின்னஞ்சல் போட்டு அவரைத் தடுக்கவில்லை.

இதற்கு நடுவில் பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம் வந்தது. சிறந்த கட்டுரையைக் குறிப்பிடவும் என்று ஒரு கட்டம். இரண்டு நாள் காலியாக விட்டிருந்தேன். "நேரமாகுதும்மா, இதுல என்ன யோசனை?" என்று துறைத் தலைவர் பக்கத்திலேயே நின்றார். நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்காகத்தானே மறைக்கிறோம், மறைத்ததை ஒரு இடத்தில் மட்டும் எப்படித் திறப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அவள் கூப்பிட்டாள். குரலே தெளிவாக இருந்தது.

"மேடம், கன்ஃபர்ம் ஆயிடுச்சு. எங்க பிரின்சிபால்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். தெரியாம நடந்ததுதானே, திருத்துங்கன்னு சொன்னாங்க. ராத்திரி தூக்கமே இல்ல மேடம் எனக்கு, இந்த ஒரு வருஷமா. லெட்டர அனுப்புங்க, நான் கையெழுத்து போடறேன்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றேன். "என் புரமோஷன் ஃபைல் இப்பதான் மேல போயிருக்கு."

மெதுவாக, "அப்ப எனக்காக இல்லையா மேடம்?" என்று கேட்டாள்.